கார்மெல்லாவின் தோள்பட்டை

"குளோரியா சுந்தரமூர்த்தி: தென்னிந்தியச் சித்திரக்கதை உலகின் கலகக் கோடு. பெண்ணுடலை ஆணின் பார்வையிலிருந்து மீட்டெடுத்த முதல் தூரிகை. எழுபதுகளின் பெங்களூரில், பெயரறியாத ஓர் அச்சகத்தின் இருளில் அமர்ந்து, தணிக்கைக்கு எதிராகத் தன்னந்தனியே போராடிய முன்னோடி ஓவியர்."

இந்திராநகரில் காபிக்கடையும் கலைக்கூடமும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் ஓரிடத்தில், பழைய காமிக்ஸ் கண்காட்சிக்காக அச்சடித்த கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது. எழுதியவர் இளவேனில். வார நாட்களில் ஒயிட்ஃபீல்டில் மென்பொருள், வார இறுதியில் கலைகள் என்று வாழும் கரூர்க்காரர். அவர் எழுதியதில் பெயர் சரி, எழுபதுகள் என்பதும் சரி. அச்சகம் இருளாக இல்லை. சிவாஜிநகரில் மேற்குப் பார்த்த பெரிய ஜன்னலோடு, மதியத்துக்கு மேல் கண் கூசும் வெளிச்சத்தில் இருந்தது. தணிக்கைக்கு எதிராகக் குளோரியா போராடவில்லை. அந்த அச்சகத்தில் தணிக்கையே குளோரியாதான்.

அச்சகத்தின் முதலாளி கோவிந்தராஜன், கல்யாணப் பத்திரிகையும் நாள்காட்டியும் அச்சடித்த நேரம் போக, மாதம் ஒன்றாகக் 'கோமேதகம் காமிக்ஸ்' வெளியிட்டார். கதைகள் எங்கோ கடல் தாண்டியிருந்து வந்தன. அவற்றின் நாயகி கடற்கொள்ளைக்காரி கார்மெல்லா. அவளை வரைந்த வெளிநாட்டு ஓவியர் கடலையும் கப்பலையும் கயிற்று முடிச்சுகளையும் தாராளமாக வரைபவர். துணி விஷயத்தில் மட்டும் சிக்கனக்காரர். கோவிந்தராஜனுக்கோ தும்கூரிலிருந்து திருப்பத்தூர்வரை சந்தாதாரர்கள் இருந்தார்கள், சந்தாதாரர்களுக்குத் தகப்பனார்கள் இருந்தார்கள். எனவே அவர் ஒரு விதி வகுத்தார். கழுத்துக்குக் கீழே தன் கட்டைவிரல் அகலத்துக்கு மேல் தோல் தெரியக் கூடாது. ஒவ்வொரு படத்தின் மேலும் கட்டைவிரலை வைத்து அளந்து பார்ப்பார். அட்டைப்படத்துக்கு இந்த விதி கிடையாது. அட்டைதான் கடையில் தொங்குவது. அதனால் அட்டையில் ஒரு விதமாகக் காட்சி தந்த கார்மெல்லா, முதல் பக்கத்துக்கு வருவதற்குள் ஜலதோஷம் பிடித்தவள்போலக் கழுத்துவரை பொத்திக்கொண்டு வந்தாள்.

அப்படிப் பொத்திவிடும் வேலைக்கு அமர்த்தப்பட்டவர்தான் குளோரியா. ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து, தையல் வகுப்பு முடித்து, கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பூங்கொடி பார்டர் போட வந்தவர். வயது இருபது. முழங்காலுக்கு மேல் நிற்கும் கையில்லாத கவுனில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வருவார். வந்து உட்கார்ந்து, கார்மெல்லாவுக்கு முழுக்கை போடுவார். இதில் முரண் எதுவும் அவருக்குத் தெரியவில்லை. அது உடுப்பு, இது வேலை.

வேலை நடந்த விதத்தைச் சொல்லிவிட வேண்டும், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். வெளிநாட்டுப் படத்தைப் புகைப்படத் தாளில் பிரதியெடுத்து ஒரு கனத்த போர்டில் ஒட்டிக் குளோரியாவிடம் கொடுப்பார்கள். பேச்சுக் குமிழ்கள் அப்போது காலியாக இருக்கும். பிரதியெடுக்கும் கேமரா அறை துப்புரவுக்குப் பேர் போனதல்ல. படமெங்கும் தூசி விழுந்த கரும்புள்ளிகள் இருக்கும். குளோரியா வெள்ளைப் பூச்சால் அந்தப் புள்ளிகளை மறைப்பார், தோல் அதிகமாகத் தெரியும் இடத்திலும் வெள்ளை பூசி, காய்ந்ததும் அதன் மேல் மையால் காலர், மடிப்பு, பொத்தான், லேஸ் வரைவார். இன்ன மாதிரி என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எந்தப் பெண்மணி எந்த கவுன் போட்டு வந்தாரோ, அடுத்த இதழில் அது கார்மெல்லாவின் உடலில் ஏறும். பாடகர் குழுத் தலைவியின் ஈஸ்டர் காலரோடு கார்மெல்லா பாய்மரத்தில் ஏறி நின்று மூன்று கப்பல்களைத் தீவைத்துக் கொளுத்தியிருக்கிறாள். ஒருமுறை ஒரு கடல்கன்னிக்கும் பஃப் கை வைத்தார். கடலுக்குள் அது எப்படி உப்பி நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை.

பக்கத்து அறையில் எழுத்துக்காரர் சுந்தரமூர்த்தி இருந்தார். அல்சூர்க்காரர். மதராஸிலிருந்து தபாலில் வரும் மொழிபெயர்ப்பைத் தாள் துண்டுகளில் கையால் எழுதுவார். அந்தக் கால எழுத்துகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வில்லன் பேசினால் எழுத்துக்கே கொஞ்சம் கோணல் வந்துவிடும், பீரங்கி வெடித்தால் 'டமால்' குமிழை விட்டு வெளியே வந்து கப்பலின் மேல் சாய்ந்து நிற்கும். ஆனால் சுந்தரமூர்த்தி படங்களைப் பார்க்க மாட்டார். படம் பார்த்தால் கை கெட்டுவிடும் என்பது அவர் கொள்கை. மூன்றாவது அறையில் முனிராஜ், எழுத்துத் துண்டுகளை எண் பார்த்துக் குமிழ்களில் ஒட்டுவார். அவருக்குக் கன்னடம் மட்டுமே படிக்க வரும். ஆகப் படத்தைப் பார்த்தவர் கதையைப் படிக்கவில்லை, கதையை எழுதியவர் படத்தைப் பார்க்கவில்லை, இரண்டையும் ஒன்றுசேர்த்தவரால் தமிழ் படிக்க முடியவில்லை, மேற்பார்த்தவரோ கட்டைவிரலால் பார்த்தார். இந்த ஏற்பாட்டில் மாதாமாதம் ஒரு புத்தகம் ஒழுங்காக வெளிவந்தது என்பதுதான் நம்ப முடியாதது.

ஒரே ஒரு மாதம் சறுக்கியது. ஆளுநர் மாளிகை விருந்துக் காட்சி. சீமாட்டி வேடத்தில் வந்திருக்கிறாள் கார்மெல்லா. துப்பறியும் ரூபர்ட் ஒற்றைக் கண்ணாடியை உயர்த்தி அவளைக் கூர்ந்து பார்த்துச் சொல்கிறார்: "அந்தத் தோளில் இருக்கும் மச்சத்தை நான் மறப்பேனா, சீமாட்டியே! நீதான் கார்மெல்லா!" படத்தில் சீமாட்டி காதுமடல் தொடும் லேஸ் காலரோடும் மணிக்கட்டுவரை நீளும் கைகளோடும், புனித வெள்ளி ஆராதனைக்குப் புறப்பட்டவள்போல நிற்கிறாள். தோள் எங்கே இருக்கிறதென்றே ஊகிக்கத்தான் முடியும்.

வாசகர் கடிதங்கள் வந்து குவிந்தன. வேலூர்க்காரர் ஒருவர் லென்ஸ் வைத்துத் தேடியதாக எழுதியிருந்தார். கோவிந்தராஜன் இருவரையும் கூப்பிட்டார்.

"மச்சம் எங்கம்மா?"

"படத்துல மச்சமே இல்ல சார். இருந்தா எனக்குத் தெரியாதா?"

"கதையில இருக்குது முதலாளி," என்றார் சுந்தரமூர்த்தி. "படத்துல இல்லாமலா கதையில வரும்? இவங்கதான் மூடிட்டாங்க."

"இல்லாததை எழுதிட்டு என்மேல போடாதீங்க மூர்த்தி சார்."

போர்டை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தேடினார்கள். கிடங்கில் எந்த மூலையில் போய்ச் சேர்ந்ததோ, அகப்படவில்லை. கோவிந்தராஜன் தீர்ப்புச் சொன்னார்: "இனிமே ரெண்டு பேரும் ஒரே மேஜையில உக்காந்து பண்ணுங்க. அவங்க படத்தை நீங்க பாருங்க, நீங்க எழுதறதை அவங்க படிக்கட்டும்." அவர் பார்த்தார், இவர் படித்தார். அடுத்த வருடம் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒருமுறையும் அல்சூரில் ஒருமுறையும் கல்யாணம் நடந்தது. அந்தச் சண்டை வந்திராவிட்டால் கல்யாணம் நடந்திருக்காது. கல்யாணம் நடந்ததால் சண்டை முடியவும் இல்லை.

நாற்பத்தைந்து வருடங்களாக அந்த மச்சம் அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆளாகக் குடியிருந்தது. சோற்றுத்தட்டின் முன்னால் குளோரியா கேட்பார்: "குழம்புல உப்பு இருக்குதா?"

"இருந்திருக்கும். நீ மூடிட்டிருப்பே."

மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை என்று சுந்தரமூர்த்தி தேடினால், "மேஜைமேல இருக்குதுன்னு எழுதி ஒட்டுங்க சார், வந்துரும்" என்பார் குளோரியா. கோபம் வந்தால் மட்டும் கணவரை 'சார்' என்று அழைப்பது அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பழக்கம். வேலைக்கு வெளியே குளோரியா ஒருநாளும் காமிக்ஸ் படித்ததில்லை, படிக்கும் ஆசையும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: சாவதற்குள் சுந்தரமூர்த்தி தன் வாயால், 'நீ சொன்னதுதான் சரி, மச்சம் இல்லை' என்று சொல்ல வேண்டும். சுந்தரமூர்த்திக்கு வேண்டியதும் அதுவே, எதிர்ப்பக்கத்திலிருந்து.

அச்சகம் எப்போதோ மூடியது. அந்த இடத்தில் இப்போது செல்பேசி உறை விற்கிறார்கள்.

போன பிப்ரவரியில் சுந்தரமூர்த்தி முடிவெட்டும் கடையில், கழுத்தில் துணி கட்டிய நிலையில், ஞாயிறு இணைப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பீன்யா தொழிற்பேட்டையில் தர ஆய்வாளராக இருக்கும் முனிகிருஷ்ணன் என்பவர், தன் காமிக்ஸ் சேகரிப்புகளுக்கு நடுவே நின்று ஒரு புகைப்படத்தில் சிரித்தார். கையில் ஒரு போர்டு. போர்டில் லேஸ் காலர். காலருக்குப் பக்கத்தில், சந்தேகமே இல்லை, தன் கையெழுத்து. பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு ஓடி வந்தார்.

"குளோரி! போர்டு கெடச்சிருச்சு!"

"எந்த போர்டு? தண்ணி போர்டா? பில்லு போன வாரமே கட்டியாச்சே."

"மச்ச போர்டுடீ!"

குளோரியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முனிகிருஷ்ணனைப் பற்றிக் கொஞ்சம். தொழிற்சாலையில் பேரிங் உருளைகளில் மயிரிழை பிசகு இருந்தாலும் நிராகரிப்பவர். காமிக்ஸ் விஷயத்தில் எதையும் நிராகரிக்காதவர். குஜிரி என்று ஊர் அழைக்கும் பழைய சாமான் கடையில், இரும்புக் கட்டில் ஒன்றின் அடியிலிருந்து கோமேதகத்தின் போர்டுகளை மீட்டவர் அவர். ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் 'குளோ' என்று இருந்தது. இது குளோரியாவிடம் போக வேண்டும் என்று முதலாளி போட்ட குறி. முனிகிருஷ்ணன் அதை ஓவியரின் கையொப்பம் என்று கொண்டார். பெயரை வைத்து அவர் வெளிநாட்டவர், ரகசியமாகப் பெங்களூரில் தங்கியிருந்தவர் என்று முடிவுகட்டினார். பிற்கால இதழ்களில் இல்லாத ஒரு வினோத அழகு முதல் வருட இதழ்களில் இருப்பதற்கு அந்த மர்ம ஓவியர் க்ளோவே காரணம் என்று எழுதினார். மச்சத்துக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. 'காணாத மச்சம்' என்ற கட்டுரையில், ரூபர்ட் மச்சத்தைக் கண்ணால் பார்க்கவில்லை, நினைவால் பார்க்கிறார்; அதை வாசகனுக்கு மறைத்ததே க்ளோவின் மேதைமை என்று நிறுவியிருந்தார். ரசிகர்களின் வாட்ஸாப் குழு இதனால் இரண்டாக உடைந்தது. மச்சம் உண்டு என்போர் ஒரு குழு, மச்சம் வேண்டியதில்லை என்போர் ஒரு குழு. இரண்டிலும் பிறந்தநாள் வாழ்த்துகள் தனித்தனியாகவே நடக்கின்றன.

"அந்த க்ளோ என் சம்சாரங்க," என்று தொலைபேசியில் சுந்தரமூர்த்தி சொன்னதும், முனிகிருஷ்ணன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பீன்யாவிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல வந்தார்.

"மேடம், நீங்கதானா!"

"நான் படம் வரையலைப்பா. அந்தப் பொண்ணுக்கு ரவிக்கை போட்டேன். அவ்ளோதான்."

"இதேதான் மேடம்! பெரிய ஆர்ட்டிஸ்டுங்க எல்லாருமே இப்படித்தான் சொல்வாங்க."

"மூஞ்சி, கப்பல், கடல் எல்லாம் வேற யாரோ போட்டது."

"எவ்ளோ சிம்பிளா இருக்கீங்க மேடம்!"

குளோரியா கணவரைப் பார்த்தார். மறுப்பதற்கு மனிதனுக்கு வாய்ப்பே தராத மரியாதையை அவர் அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தார்.

சுந்தரமூர்த்தி விஷயத்துக்கு வந்தார். "தம்பி, அந்த விருந்து சீன் போர்டைக் கொஞ்சம் கொண்டாங்க. தோள்பட்டையில காசு அளவுக்குத் தொடச்சுப் பாத்துட்டுக் குடுத்துர்றோம்."

முனிகிருஷ்ணனின் கையிலிருந்த காபி டம்ளர் மேஜைக்கு இறங்கியது. "சார், அது ஒரிஜினல்!"

"ஒரிஜினல் அதுக்கு அடியில இருக்குது."

"பேடா சார், வேணாம். ப்ளீஸ். அது சரித்திரம் சார்."

"எங்க வீட்டு சரித்திரம்பா அது," என்றார் குளோரியா. "இவரு சொல்ற மச்சம் அதுல இல்லன்னு எனக்குத் தெரியும். இவருக்குத் தெரிய வேணாமா?"

முனிகிருஷ்ணன் டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு மேடம் என்பதை விட்டுவிட்டார். "ஆண்ட்டி, நான் ஸ்ரீராம்புரத்துல ஒத்தை ரூம் வீட்டுல வளந்தவன். எங்க வீட்டுல வேற புத்தகமே கெடயாது. மத்த பசங்க கார்மெல்லா கத்திச் சண்டையைப் பார்ப்பாங்க. நான் அந்தக் காலரைப் பார்ப்பேன். ஒவ்வொரு ஓட்டையா எண்ணிக்கிட்டு. யாரோ ஒருத்தர் இதை உக்காந்து போட்டிருக்காங்கன்னு தோணும். அதைப் போய் தொடைக்கறேன்றீங்களே."

"எந்தக் காலர்? ரெண்டு அடுக்கு லேஸா?"

"ஆமா ஆண்ட்டி."

"அது எங்க சர்ச் பாட்டு டீச்சரோடது. ஈஸ்டருக்குப் போட்டுக்கிட்டு வந்தாங்க," என்றார் குளோரியா. அதற்குமேல் அன்று துடைப்பதைப் பற்றி அவர் பேசவில்லை. சுந்தரமூர்த்திக்கு இது கட்சித் தாவலாகப் பட்டது.

சமரசமாக ஓர் ஏற்பாடு ஆனது. மார்ச் கடைசியில் இந்திராநகர் கண்காட்சி. குளோரியா சிறப்பு விருந்தினர். போர்டு அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும், ஆசை தீரப் பார்க்கலாம். பார்த்தால் தெரியாது என்பதுதான் பிரச்சினையே என்று சுந்தரமூர்த்தி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு தலைமுறைக் கடற்கொள்ளைக்காரிகளுக்கெல்லாம் முழுக்கை போட்டவர், கஞ்சி போட்ட காட்டன் புடவையும் கையில்லாத ரவிக்கையுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினார். வாசலில் நின்றிருந்த இளவேனில் அதைப் பார்த்து நெகிழ்ந்து போனார்.

"இதுவும் ஒரு ஸ்டேட்மென்ட்தானே ஆண்ட்டி?"

"வெயில்மா," என்றார் குளோரியா.

உள்ளே கூட்டம். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய மென்பொருள்காரர்கள். பழைய நியூஸ்பிரின்ட் தாளை மூக்கருகே கொண்டுபோய்க் கண்மூடி நின்றவர்கள் அவர்களில் பலர். சுவரில் கார்மெல்லாவின் முதல் வருடம் முழுக்க மாட்டப்பட்டிருந்தது. உண்மையில் அது பார்க்கத் தகுந்ததாகவே இருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வெளிநாட்டுப் பேனாவின் மெல்லிய கோடுகளுக்கு நடுவே திடீரென்று தூரிகையின் தடித்த மடிப்புகள், பரங்கியர் முகத்துக்குக் கீழே ரிச்சர்ட்ஸ் டவுன் தையல், பக்கத்தில் அல்சூர்க் கை எழுதிய 'டமால்'. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. பொருந்தாதது கண்ணை விட்டு நகரவும் இல்லை. தன் எழுத்துகளின் முன்னால் நின்று ஓர் இளைஞர் படமெடுப்பதைச் சுந்தரமூர்த்தி தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். பெயர் கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தார். கேட்கவில்லை.

இளவேனில் ஒலிவாங்கியோடு வந்தார். "அந்த ஆடைகள் மூலமா நீங்க சொல்ல வந்தது என்ன ஆண்ட்டி?"

"முதலாளி சொன்னதைத்தான்."

கைதட்டல்.

"கட்டைவிரல் வெச்சு அளப்பாரு. விரலுக்குக் கீழ தோல் தெரிஞ்சா, திரும்பப் பூசணும்."

பெரிய கைதட்டல். 'அதிகாரத்தின் கட்டைவிரல்' என்று இளவேனில் செல்பேசியில் குறித்துக்கொண்டார்.

"உங்க படைப்புகள்ல உங்களுக்குப் பிடிச்சது எது?"

"கல்யாணப் பத்திரிகை பார்டருங்கதான். மயில் நல்லா வரும் எனக்கு."

இதற்குக் கைதட்டல் கொஞ்சம் குறைந்தது.

பிறகு புகைப்படம். விருந்துக் காட்சியின் பக்கத்தில் குளோரியாவை நிறுத்தினார்கள். கண்ணாடியில் விளக்கு பளீரென்று திரும்பி அடித்தது. ஒரே ஒரு படத்துக்காகச் சட்டத்திலிருந்து வெளியே எடுக்கலாமே என்றார் இளவேனில். முனிகிருஷ்ணன் யோசித்தார். அத்தனை பேர் முன்னால் அந்த ஓவியரிடமே அவர் ஓவியத்தைக் கொடுக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பேரிங் பரிசோதனைக்குப் போடும் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்து, குளோரியாவின் இரண்டு கைகளில் வைத்தார்.

குளோரியா போர்டைச் சாய்த்துப் பார்த்தார். "பரவால்ல. லேஸ் நல்லாத்தான் வந்திருக்குது."

தூணுக்குப் பின்னாலிருந்து சுந்தரமூர்த்தி வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டார். குளோரியா அவரைப் பார்த்தார், முனிகிருஷ்ணனைப் பார்த்தார், இடுப்பிலிருந்து கைக்குட்டையை உருவினார், அதன் நுனியை நாக்கில் தொட்டார்.

"முட்டபேடி!" பதற்றத்தில் முனிகிருஷ்ணனுக்குக் கன்னடம்தான் வந்தது. "முட்டபேடி ஆண்ட்டி! தொடாதீங்க! அய்யோ, யாராச்சும்…"

யாரும் அசையவில்லை. பிடுங்கினால் போர்டு கிழியும்; அது எல்லோரையும்விட முனிகிருஷ்ணனுக்கு நன்றாகத் தெரியும்.

"காலரை ஒண்ணும் பண்ண மாட்டேன்பா. சும்மா இரு," என்றார் குளோரியா. குழந்தையின் வாயோரம் ஒட்டிய சோற்றைத் துடைக்கும் லாகவத்தோடு, காலரின் விளிம்பைத் தொடாமல், தோள்பட்டையை மட்டும் துடைத்தார். மடிப்புக் கோடுகள் முதலில் பொரிந்து உதிர்ந்தன. வெள்ளை கரைந்து கைக்குட்டைக்கு வந்தது. அத்தனை காலம் உள்ளே இருந்த கார்மெல்லாவின் தோள், காசு அளவுக்கு, இந்திராநகர் வெளிச்சத்துக்கு வந்தது.

இரண்டு வாட்ஸாப் குழுக்களும் எட்டிப் பார்த்தன. சுந்தரமூர்த்தி மனைவியின் தோளுக்கு மேலாகக் குனிந்தார்.

தோளில் கரும்புள்ளி இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. கீழே ஒன்று, மேலே இரண்டு, ஓரத்தில் பாதி தெரிந்தும் தெரியாமலும் ஒன்று.

"பாத்தியா! மச்சம்!" என்றார் சுந்தரமூர்த்தி.

"எது?"

"இதோ. இது."

"அது தூசி. நம்ம கேமரா ரூம் தூசி. எனக்குத் தெரியாதா? தினம் அதைத்தானே அழிச்சிட்டிருந்தேன்."

"அப்ப இது?"

"அதுவும் தூசிதான். ஒரு பொம்பளைக்கு ஒரே தோள்ல இத்தனை மச்சமா? அவளுக்கென்ன அம்மை போட்டிருந்துதா?"

"இதுல ஒண்ணு மச்சம், குளோரி. மத்ததெல்லாம் தூசி."

"எதுன்னு காட்டுங்க சார்."

சுந்தரமூர்த்தியின் விரல் ஒரு புள்ளிக்குப் போனது, தயங்கியது, பக்கத்துப் புள்ளிக்கு நகர்ந்தது. குளோரியாவுக்கும் சிரிப்பு வரவில்லை. அந்தப் புள்ளிகளை முன்பு பார்த்ததாக அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். எதையும் மச்சமா தூசியா என்று நின்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் ஒரே இழுப்பாக வெள்ளை பூசியதும் கூடவே நினைவுக்கு வந்திருக்கும்.

ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிக் கூட்டம் இரைந்தபோது, நடுவரைத் தேடி எல்லோரும் முனிகிருஷ்ணனைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் தொழில் பழக்கம் விடவில்லை. பையிலிருந்து ஆய்வு லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, புள்ளிப் புள்ளியாகப் பார்த்தார்.

"எல்லாம் ஒரே சைஸ் ஆண்ட்டி," என்றார் கடைசியில். "எதையும் ரிஜெக்ட் பண்ண முடியாது."

குளோரியா கைக்குட்டையை மடித்தார். அவர் குரல் இறங்கியிருந்தது. "வேணும்னா நாளைக்கு வெள்ளையும் மையும் கொண்டாந்து பழையபடி பூசித் தரேன்பா. ஒரு மணி நேர வேலை."

முனிகிருஷ்ணன் லென்ஸைக் காலருக்கு நகர்த்தினார். இரண்டு அடுக்கு லேஸ், ஓட்டை ஓட்டையாக, ஒன்றும் கெடாமல் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார்.

"வேணாம் ஆண்ட்டி. இருக்கட்டும். இப்பதான் ரூபர்ட் எதையோ பார்த்தாருன்னு நம்ப முடியுது."

ஆட்டோவில் வீடு திரும்பும்போது அல்சூர் ஏரி வந்தது. தாண்டியதும் சுந்தரமூர்த்தி சொன்னார்: "மேல இருந்த ரெண்டுல, இடது பக்கத்துது."

"அங்க வேற ஒண்ணைக் காட்டினீங்க."

"அங்க கூட்டம்."

"சாம்பாருக்கு வெங்காயம் வாங்கணும். இருக்குதா இல்லையான்னு நீங்களே எழுதி ஒட்டிருங்க சார்."

ஆட்டோ ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இருவரும் சண்டை போடுகிறார்களா சந்தோஷமாக இருக்கிறார்களா என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அது அவர் குறையல்ல.

ரசிகர்களுக்கு இப்போது மூன்றாவதாக ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. எந்தப் புள்ளி என்பதை அங்கே விவாதிக்கிறார்கள். கண்காட்சிக் கையேட்டின் மறுபதிப்பில் இளவேனில் இரண்டு வரி சேர்த்திருக்கிறார்: "தன் படைப்பைத் தானே அழித்து, நிறுவனமயமான நினைவைக் கேள்விக்குள்ளாக்கிய நேரடி நிகழ்த்துகலை. எச்சில், கைக்குட்டை, காலம்."

குளோரியா எதையும் கேள்விக்குள்ளாக்கவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்த காலத்தில் பிறர் வரைந்த பெண்களுக்கு ரவிக்கை போட்டார், தூசிப் புள்ளிகளை அழித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவரோடு இருந்த வழக்குக்காக, அவற்றில் ஒரு ரவிக்கையின் தோள்பட்டையை எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தார்.